டிராக்டரின் இழுவிசையை அளக்கும் கருவி: செய்முறை

இழுவிசைமானி செய்வதில் மின்னணுப் பகுதி ஒரு மாலைப் பொழுது வேலைதான். அது காட்டும் எண்ணை நம்பலாமா என்பதைத் தீர்மானிப்பது டிராக்டர் கொக்கிக்கும் பின்னால் வரும் சுமைக்கும் நடுவே நீங்கள் மாட்டும் இரும்பு. சிங்கப்பூரின் லிம் சூ காங் பண்ணை டிராக்டருக்குச் செய்தாலும், விடுமுறையில் ஊருக்கு எடுத்துப் போய் உழவு டிராக்டரில் மாட்டினாலும் இதுதான் நிலை. ஆகவே இரும்பிலிருந்து தொடங்குவோம்.

எஸ் வடிவ லோட் செல் (இழுக்கும் விசையை மின்சமிக்ஞையாக மாற்றும் உணரி) ஒன்று வேண்டும். சக்கரத்தின் பிடிமானம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் டிராக்டர் இழுக்கும். காய்ந்த கான்கிரீட்டில்கூட இயங்கு சக்கரங்கள் மேல் நிற்கும் எடையில் ஏறக்குறைய 80 விழுக்காடுதான் கிடைக்கும். ஆனால் தொய்ந்த சங்கிலி சட்டென்று விறைக்கும்போது அந்த ஒரு நொடியில் விசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 2 டன் டிராக்டருக்கு 2 டன் செல் வாங்கினால் முதல் வெட்டு இழுப்பிலேயே செல் நிரந்தரமாக நீண்டு, எண் சுழியத்துக்குத் திரும்பாது. 5 டன் செல் வாங்குங்கள். நுணுக்கம் குறையுமே என்ற கவலை வேண்டாம். அதற்குக் கணக்கு கீழே வருகிறது.

செல்லின் இரு முனையிலும் காய்ச்சி அடித்துச் செய்த (forged) கண் போல்ட்டைத் திருகி, ஷேக்கிள் (யு வடிவக் கொளுவி) மாட்டி, இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பும்படி விடுங்கள். வளைத்துச் செய்த மலிவான கண் போல்ட் வேண்டாம், பாரத்தில் விரிந்துவிடும். மரை செல்லுக்குச் செல் மாறுபடும். அளந்து பார்த்தே போல்ட் வாங்குங்கள். மரை முழு ஆழத்துக்கு இறங்கியபின் பூட்டு நட்டால் இறுக்குங்கள். செல்லை நேராகச் சட்டத்தில் போல்ட் அடித்தால் வளைவு விசை புகுந்து எண் பொய் சொல்லும். சங்கிலி சாய்வாகப் போனாலும் கணக்கு மாறும்: 15 டிகிரி சாய்வில், செல் காட்டுவதில் கிடைமட்டப் பங்கு சுமார் 3.4 விழுக்காடு குறைவு. கொக்கிகளின் உயரத்தைச் சமப்படுத்துவதே இதற்கு நல்ல வழி.

செல்லுக்கு இணையாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம் வேண்டும். அது தொய்வாகத் தொங்க வேண்டும். எங்காவது விறைத்தால் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்; எண் சத்தமில்லாமல் குறையும், நீங்கள் டிராக்டரைச் சந்தேகிப்பீர்கள். இழுக்கும்போது சங்கிலியின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. இந்த அமைப்பைப் பாரந்தூக்கியில் மாட்டி எதையும் தூக்கவும் வேண்டாம். தூக்குச் சாதனங்களுக்கு அங்கீகாரம் பெற்றவரின் சோதனை வேண்டும். நீங்கள் செய்த கருவிக்கு அது கிடையாது.

மின்னணுவுக்கு எச்எக்ஸ்711 பலகை (செல்லின் சமிக்ஞையைப் பெருக்கி எண்ணாக்கும் சிப் உள்ளது), ஆர்டுயினோ நேனோ (நிரல் ஓடும் சிறு பலகை), எச்சி-05 புளூடூத், எஸ்டி கார்டு பலகை, நீர் புகாத பெட்டி, கேபிள் கிளாண்ட் (பெட்டிக்குள் கம்பி நுழையும் துளையை இறுக்கி மூடும் துண்டு) ஆகியவை போதும். ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் உதிரிப்பாகக் கடைகள் உண்டு. செல்லின் கம்பிகள் பெரும்பாலும் சிவப்பு, கறுப்பு (மின்னூட்டம், அதாவது செல்லுக்கு மின்சாரம் ஊட்டும் இணை), பச்சை, வெள்ளை (சமிக்ஞை) என்று வரும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் பாருங்கள்: மின்னூட்ட இணைக்கு 380 முதல் 400 ஓம் வரை, சமிக்ஞை இணைக்கு 350 ஓம் காட்டும். எச்சி-05 தன் உள்ளீட்டில் 3.3 வோல்ட்டைத்தான் எதிர்பார்க்கும். நேனோவிலிருந்து போகும் கம்பியில் 1 கிலோ ஓமும், அந்த உள்ளீட்டிலிருந்து தரை முனைக்கு (ஜிஎன்டி) 2 கிலோ ஓமும் வைத்து மின்னழுத்தத்தைப் பிரித்துவிடுங்கள்.

மலிவான பச்சை நிற எச்எக்ஸ்711 பலகைகளில் இரண்டு தொல்லை உண்டு. சிலவற்றில் ஈ மைனஸ் முனை (மின்னூட்டத்தின் எதிர்முனை) தரை முனையோடு இணைந்திருக்காது. எண் கண்டபடி அலையும். மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து, இல்லையென்றால் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிடுங்கள். இரண்டாவது, நொடிக்கு 10 அளவீடு என்று பூட்டியிருப்பார்கள். கலப்பை மண்ணில் சிக்கி விடுபடும் உச்சங்கள் அதில் தட்டையாகிவிடும். சிப்பின் 15ஆம் காலைத் தரையிலிருந்து விடுவித்துப் பக்கத்திலிருக்கும் 16ஆம் காலோடு ஒட்டினால் நொடிக்கு 80 கிடைக்கும். 15ஆம் காலைத் தூக்காமல் ஈயம் ஒட்டினால் மின்வழங்கல் நேராகத் தரைக்குப் போய்விடும், கவனம்.

பற்றாசு வேலை முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பலகையைக் கழுவுங்கள். பற்றவைப்பில் தங்கும் பிளக்ஸ் பசையின் மிச்சம் நம் ஊர் ஈரத்தை உறிஞ்சி, மில்லிவோல்ட் சமிக்ஞையைக் கசியவிடும். காலையில் ஒரு சுழியம், மதியம் ஒரு சுழியம் என்று நகர்வதற்குப் பல நேரம் இதுதான் காரணம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போடுங்கள். பெட்டி செல்லின் பக்கத்திலேயே இருக்கட்டும். நீளமான கேபிள் வேண்டாம். மின்சாரத்துக்கு டிராக்டர் பேட்டரியை நாடாதீர்கள், ஆல்டர்னேட்டரின் இரைச்சல் கூடவே வரும். பவர் பேங்க் நல்லது. ஆனால் இந்தச் சுற்று இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் அணைந்துவிடும். குறைமின்னோட்ட முறை உள்ளதாக வாங்குங்கள்.

இனி அளவுத்திருத்தம். செல்லின் தகட்டில் வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் என்றிருந்தால், 128 மடங்குப் பெருக்கத்தில் முழுப் பாரத்துக்கு எச்எக்ஸ்711இலிருந்து சுமார் 4,295,000 எண்ணிக்கை வர வேண்டும். 5 டன் செல்லில் அது கிலோவுக்கு ஏறக்குறைய 859, நுணுக்கத்துக்குப் பஞ்சமில்லை. மின்னூட்ட வோல்ட்டேஜ் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போவதால், நீங்கள் அளந்து பெறும் காரணி (கிலோவுக்கு எத்தனை எண்ணிக்கை என்பது) இதிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் தவறு கம்பியிலோ பொருத்தியதிலோ இருக்கிறது. நிரலில் எண்ணைத் திருத்தி மழுப்பாதீர்கள்.

200 லிட்டர் பீப்பாய்த் தண்ணீரைத் தொங்கவிட்டுப் பார்ப்பது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் அதில் 1 கிலோ பிசகினால் 2,000 கிலோவில் 10 கிலோ பிசகும். பட்டறையில் இரண்டு உறுதியான தூண்களுக்கு நடுவே செயின் பிளாக், சோதித்த கிரேன் தராசு, உங்கள் செல் மூன்றையும் ஒரே கோட்டில் மாட்டி, 250 கிலோ படிகளாக 2,000 வரை ஏற்றி, அதே படிகளில் இறக்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எண் வேறுபட்டால் கண் போல்ட் மரையில் உராய்வோ தளர்வோ இருக்கிறது. கிலோவை நியூட்டனாக்க 9.78ஆல் பெருக்குங்கள், சிங்கப்பூரின் புவியீர்ப்பு முடுக்கம் அதுதான்.

களத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் சங்கிலியைத் தொய்யவிட்டுச் சுழியம் எடுங்கள். வெயிலில் செல் சூடேறினால் சுழியம் நகரும். எஸ்டி கார்டில் திருத்தாத மூல எண்ணிக்கையையே பதியுங்கள், சராசரியைப் பிறகு போடலாம். இன்ஜின் ஓட்டாத முன்சக்கரத்தில் காந்தமும் அதை உணரும் ஹால் உணரியும் வைத்தால் வேகமும் கிடைக்கும். கிலோநியூட்டனை மணிக்குக் கிலோமீட்டரால் பெருக்கி 3.6ஆல் வகுத்தால் கிலோவாட்: 6 கிலோநியூட்டன், 5 கிலோமீட்டர் என்றால் 8.3 கிலோவாட், அதாவது கொக்கியில் சுமார் 11 குதிரைத்திறன்.

வெளியே கிளம்புமுன் ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைச் செல்லில் தொங்கவிடுங்கள். எண்ணிக்கை சுழியத்திலிருந்து 21,500ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் அன்றைக்கு டிராக்டரை எடுக்காமல் கம்பியைப் பாருங்கள்.