லொறிக் கேம்பர்: திருகோணமலையின் உப்புக்கும் வெயிலுக்கும் பொருந்தாத தவறுகள்

லொறியின் பின்புறத்தில் படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் இல்லாத இடத்தில் நாட்கணக்கில் தங்கலாம் என்ற ஆசை நல்ல ஆசைதான். இப்படித் தங்குமிடமாக மாற்றிய வண்டியைத்தான் கேம்பர் என்கிறோம். ஆனால் அதைக் கற்றுத்தரும் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. அவர்களுடைய கவலை பனி. குழாய் உறையாமல் காப்பது, டீசல் ஹீட்டர் பூட்டுவது, சுவருக்குள் சூட்டைப் பிடித்துவைப்பது என்று பாதி வீடியோ அதிலேயே கழிந்துவிடும். உப்புவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையில் ஓடப்போகும் வண்டிக்கு எதிரிகள் வேறு: கடலுப்பு, கச்சான் காற்றுக் காலத்து வெக்கை, மாரி மழை. இந்த மூன்றையும் மறந்து செய்யும் வேலைதான் இங்கே பணத்தைத் தின்கிறது.

முதல் தவறு கராஜுக்குப் போகும் முன்பே நடந்துவிடுகிறது. வண்டியை நிறுக்காமல் சாமான் வாங்குகிறார்கள். ஒரு டபுள் கெப் தாங்கும் சுமை, ஏறும் ஆட்களையும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு தொன். நான்கு பேர் ஏறினாலே அதில் கால்வாசி போய்விடும். 8க்கு 4 அடி அளவில் 18 மில்லிமீற்றர் பிளைவுட் பலகை ஒன்று 30 கிலோவைத் தாண்டும். அலுமாரிக்கும் கட்டிலுக்கும் ஆறு பலகை என்றால் 200 கிலோவை நெருங்கிவிட்டோம். நூறு லீற்றர் தண்ணீர் நூறு கிலோ. நூறு அம்பியர்-மணி ஈய பற்றறி இரண்டு 60 கிலோ. இவற்றையெல்லாம் உள்ளே வைக்க வண்டியின் பின்புறத்தில் கட்டும் பெட்டியின் எடையையே இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. தச்சர் தேக்கில் செய்து தருகிறேன் என்பார். அழகாகத்தான் இருக்கும், அந்த அழகை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அரிசி ஆலைகளிலும் பழைய இரும்பு வாங்கும் இடங்களிலும் லொறியோடு சேர்த்து நிறுக்கும் தராசு இருக்கும். தொட்டியை நிரப்பி, ஆட்களையும் ஏற்றி, முன் சில்லுகளைத் தனியாகவும் பின் சில்லுகளைத் தனியாகவும் நிறுத்துப் பாருங்கள். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் திணறும் வண்டிகள் உண்டு. பின்பக்கம் தாழ்ந்துவிட்டதைக் கண்டதும் ஸ்பிரிங்கில் இன்னொரு தகடு போடச் சொல்வார்கள். தகடு போட்டால் வண்டி நிமிரும். ஆனால் பிரேக், பேரிங், டயர் எல்லாம் பழையவைதான். தோற்றம் மாறியதால் தாங்கும் திறனும் கூடிவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து.

பெட்டியை வண்டியில் பொருத்துவதிலும் ஒரு பொதுத் தவறு உண்டு. லொறியின் சேஸி ஏணி போன்ற சட்டம்; கிரவல் பாதையில் குழியில் ஒரு சில்லு இறங்கும்போது அது முறுக வேண்டும், அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பெட்டியை நேரடியாக அதில் வெல்டிங் செய்துவிட்டால் அந்த முறுக்கு பெட்டியின் மூலைகளில் போய் வெடிப்பாக விழும், சில வேளை சேஸியிலேயே விழும். லொறிக்குப் பொடி கட்டும் பழைய பாஸ்மாருக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். நடுவில் வைரம் பாய்ந்த மரக்கட்டை வைத்து யூ போல்ட்டால் இறுக்குவார்கள். எந்த வெல்டிங் வேலைக்கும் முன் பற்றறி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். புதிய வண்டிகளில் உள்ள இலத்திரனியல் பாகங்கள் அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. பெட்டி கட்டுவதால் வண்டியின் உருவம் மாறுகிறது என்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் கேட்டுக்கொள்வது பெட்டி கட்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை. கட்டி முடித்த பின் அல்ல.

கூரையும் துருவும்

திருகோணமலைக்கு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கிடைக்கிறது. மற்ற மாதங்களில் வெயில் கூரையின் பசையைக் காய்ச்சி வெடிக்கவைக்கும்; மாரி வந்து அந்த வெடிப்பைக் கண்டுபிடிக்கும். ஆகவே கூரையைச் சோதிக்க வேண்டிய மாதம் செப்டெம்பர். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு திருகாணித் தலையையும் ஜன்னல் விளிம்பையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒழுக்கு பெரும்பாலும் உள்ளே தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே இருக்காது. பிளைவுட்டுக்குள்ளே ஊறி நெடுந்தூரம் நடந்த பிறகே வெளியே தலைகாட்டும்.

கடையில் முதலில் கையில் தருவது சிலிக்கன். குளியலறைக்கு அது நல்லது. கேம்பர் கூரையில் அதைப் பூசினால், பின்னர் அது உரியும் நாளில் அந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. மீந்த படலத்தைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அடியில் பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் நாடா, மேலே படகுக்காரர்கள் பயன்படுத்தும் பொலியூரித்தேன் பசை என்பதே சரியான வரிசை. இந்த விஷயத்தில் லொறி கராஜைவிட ஃபைபர் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் நல்ல யோசனை கிடைக்கும். தண்ணீரை வெளியே நிறுத்துவதே அவர்களுடைய பிழைப்பு.

உப்பின் வேலையை அருகில் போய்ப் பார்த்தால்தான் புரியும். அலுமினியத் தகட்டில் உருக்குத் திருகாணி ஏற்றி, அதில் கடல் ஈரம் பட்டுவிட்டால், இரு உலோகங்களுக்கும் இடையில் மின்வேதி வினை தொடங்கி அலுமினியம் அரிக்கப்படும். முதலில் திருகாணித் தலையைச் சுற்றிப் பெயின்ற் சின்னக் கொப்புளமாக எழும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைத் தூள். அடுத்த மாரியில் திருகாணி கையோடு வந்துவிடும், துளை மட்டும் பெரிதாகி நிற்கும். விலை உயர்ந்த துருப்பிடிக்காத உருக்கு வாங்கினாலும் இது நிற்காது. அலுமினியத்துக்கு அதுவும் பகைதான். நைலோன் வாஷரும் துளைக்குள் பசையும் வைத்து இரண்டையும் தொடாமல் பிரிப்பதே மருந்து. கடற்கரையில் நின்றுவிட்டு வந்தால் மேலே கழுவுவதோடு நிறுத்தாமல் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். கேம்பர் வைத்திருப்போர் செய்யக்கூடிய மிக மலிவான பராமரிப்பு இது. பலரும் செய்யாததும் இதுதான்.

மின்சாரம்: கணக்குப் போடாமல் வாங்குவது

கடைக்குப் போய் "பெரிய பற்றறி ஒன்று தாருங்கள்" என்று கேட்பவர்களே அதிகம். முதலில் நாள் செலவைக் கூட்டிப் பாருங்கள். ஒரு அம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு அம்பியர்-மணி. 12 வோல்ட் குளிர்ப்பெட்டி ஓடும்போது சுமார் 4 அம்பியர் இழுக்கும். நம் வெக்கையில் நாளில் பாதிக்கு மேல் ஓடும் என்று வைத்தால் 50 அம்பியர்-மணி. இரவு முழுவதும் ஒரு மின்விசிறி 20. விளக்கு, தொலைபேசி 10. ஆக 80 அம்பியர்-மணி, அதாவது ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம். நூறு அம்பியர்-மணி ஈய பற்றறியில் பாதியை மட்டுமே எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் வேகமாகக் குறையும். அந்தப் பற்றறி இந்த வண்டிக்கு ஒரு நாளுக்கே போதாது. லித்தியம் அயன் பொஸ்பேட் வகையில் எண்பது சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம், எடையும் பாதிக்குக் கீழே. விலையைப் பார்த்துத் தயங்குவார்கள். தாங்கும் சுமையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் தயக்கம் குறையும்.

லித்தியத்தை வாங்கியதும் வரும் தவறு, அதைப் பழைய வண்டியின் டைனமோவோடு நேரே இணைப்பது. ஈய பற்றறி நிறைய நிறைய மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் அப்படியல்ல; கொடுப்பதையெல்லாம் கடைசிவரை வாங்கும். கந்தளாய் தாண்டுவதற்குள் டைனமோ கொதித்துவிடும். இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டீசி-டீசி சார்ஜர் கட்டாயம் வேண்டும். இன்னொன்று: லித்தியத்தில் பாதி இருந்தாலும் முக்கால் இருந்தாலும் வோல்ட் மீற்றர் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று கணக்கு வைக்கும் ஷன்ட் மீற்றர் இல்லாமல் மிச்சத்தை அறிய வழியில்லை.

பிறகு வயர். குளிர்ப்பெட்டி பகலில் ஓடுகிறது, இரவில் நின்றுவிடுகிறது, பெட்டி பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பெட்டி நன்றாகத்தான் இருக்கும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீற்றர் வயரை ஆறு மீற்றர் இழுத்திருப்பார்கள். போக வர பன்னிரண்டு மீற்றர். 5 அம்பியர் ஓடும்போது வழியிலேயே ஏறக்குறைய 0.7 வோல்ட் தொலைகிறது. 230 வோல்ட்டில் இது ஒன்றுமில்லை. 12 வோல்ட்டில் இதுவே பற்றறி தீர்ந்துவிட்டது என்று பெட்டியை நம்பவைத்து நிறுத்திவிடும். சோதிப்பது எளிது: பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீற்றரைப் பற்றறி முனைகளில் வைத்து ஒரு தடவை, பெட்டியின் செருகியில் வைத்து ஒரு தடவை அளவெடுங்கள். வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் வயரை மாற்றுங்கள். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் அதே தூரத்தில் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு ஈயம் பூசிய செப்பு வயர் இன்னும் நல்லது. வெறும் செம்பு உறைக்குள்ளேயே பச்சையாகவும் கறுப்பாகவும் மாறி இற்றுப்போகும்.

பியூஸ் பற்றறிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். சாதனத்துக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் உரசித் தேய்ந்து சேஸியில் பட்டால் தீயைத் தடுக்க எதுவும் இல்லை. வீட்டுப் பலகையில் இருக்கும் சாதாரண பிரேக்கரை இங்கே பூட்டுவதும் தவறு. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டு வருவதால் தீப்பொறி தானே அணையும். பற்றறியின் மின்சாரம் பூச்சியத்துக்கு வருவதே இல்லை. பற்றறியின் இந்த நேரோட்டத்துக்கான, டீசி என்று எழுதிய பிரேக்கரையே கேட்டு வாங்குங்கள். பற்றறி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர் வைத்து ரைஸ் குக்கரில் சோறு வடிக்கும் கனவு பற்றி ஒரே வரி: 700 வாட் குக்கர் பற்றறியிலிருந்து 60 அம்பியருக்கு மேல் இழுக்கும், குளிர்ப்பெட்டியைப் போல் பதினைந்து மடங்கு.

சோலார் தகட்டைக் கூரையோடு ஒட்டிப் படுக்கவைப்பதும் குளிர்நாட்டு வழக்கம். தகடு சூடாகச் சூடாக உற்பத்தி குறையும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.4 சதவீதம். நண்பகலில் தகட்டின் சூடு 65 பாகையைத் தொட்டால் ஆறில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். அடியில் காற்றோட இரண்டு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருப்பதால் தகட்டைச் சாய்க்கும் பொறிகளுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. நிழலில்தான் கவனம் வேண்டும். நிலாவெளிச் சவுக்கு மரத்தடியில் வண்டி குளிர்ச்சியாக நிற்கும். ஆனால் தகட்டின் ஒரு மூலையில் விழும் கிளை நிழலே மூன்றிலொரு பங்கு உற்பத்தியை அணைத்துவிடும்.

காஸ், வெக்கை

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். கூரையில் காற்றோட்டி இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குவது அறியாமை. சிலிண்டரை உள்ளே திறக்காத தனி அறையில் வைத்து, அதன் அடியில் வெளிப்பக்கமாகத் துளை விடுங்கள். கசிவு அறிவிப்பான் தரைக்கு அருகில் இருக்கட்டும். மோசமான பாதையில் போய்வந்த ஒவ்வொரு தடவையும் சவர்க்காரத் தண்ணீரால் இணைப்புகளைச் சோதியுங்கள்.

வெக்கைக்குக் குளிரூட்டி தேடாதீர்கள், பற்றறி தாங்காது. கூரையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி, கீழே கொசுவலை அடித்த ஜன்னல், அவ்வளவுதான். சுவருக்குள் ரிஜிபோம் வைப்பவர்கள் அதன்மேல் வயரை நேரடியாக ஓடவிடக் கூடாது. வயரின் பிவிசி உறையிலுள்ள மிருதுவாக்கி ரிஜிபோமுக்குள் இறங்கி, உறை மொறமொறவென்று வெடிக்கும். வயருக்குக் குழாய் போடுங்கள்.

நிறுத்தும் இடம்

டயரில் பட்டி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பவர்கள் அதன் வயதைப் பார்ப்பதில்லை. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பெரும்பாலும் நின்றபடியே இருக்கும் கேம்பரின் டயர், பட்டி தேயும் முன்பே வெயிலில் வெடித்துவிடும். மணலில் இறங்கும்போது காற்றைக் குறைப்பது சரி. தார் வீதிக்கு ஏறியதும் நிரப்பாமல் ஓட்டுவது டயரைக் கொல்லும். காற்றடிக்கும் சின்ன மோட்டர் இல்லாமல் மணலுக்குள் போகவேண்டாம்.

வெறும் கரை என்று நினைத்து நிறுத்தும் இடம் யாரோ ஒருவரின் கரைவலைப் பாடாக இருக்கும். விடியுமுன் வலை இழுக்க வருவார்கள். முதல் நாள் மாலையே மீனவர் வாடியில் போய்க் கேட்டுவிட்டால் நல்ல இடத்தை அவர்களே காட்டுவார்கள், கூடவே மீனும் கிடைக்கும். கழுவிய தண்ணீரையும் கழிவறைப் பெட்டியையும் மணலில் கொட்டாதீர்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து ஆழமில்லாத கிணறுகளுக்கு அந்த மணல்தான் வடிகட்டி.

உள்ளே திரும்பி ஹபரணைப் பாதையிலோ ஹொரவப்பொத்தானைப் பாதையிலோ போகிறவர்கள் இரவில் காட்டோரம் நிறுத்தவே கூடாது. அரிசிக்கும் உப்புக்கும் யானை வீட்டுச் சுவரையே உடைக்கும். 3 மில்லிமீற்றர் பிளைவுட்டும் அலுமினியத் தகடும் அதற்கு ஒரு தடையல்ல. இருட்டுவதற்குள் கந்தளாய் போன்ற ஓர் ஊருக்குள் வந்து, வெளிச்சமுள்ள இடத்தில் கேட்டு நிறுத்துங்கள்.