செல்போன் காலத்தில் தனி மியூசிக் பிளேயர்: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிள் நிறுவனம் 2001 அக்டோபரில் அறிமுகப்படுத்திய ஐபாடை 2022 மே மாதத்தில் நிறுத்துவதாக அறிவித்தபோது, பாட்டுக்கென்று தனிக் கருவி வைத்துக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் முடிவு கட்டினார்கள். கடைகளின் நிலவரம் வேறு. ஒரு பக்கம் சோனி இன்னும் வாக்மேன் என்ற பெயரில் பிளேயர்களை விற்கிறது. ஃபியோ, ஷான்லிங், ஹைபி போன்ற சீன நிறுவனங்கள் புதுப்புது மாடல்களைக் கொண்டுவருகின்றன. மறுபக்கம் வேலூரிலும் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் உள்ள சிறு செல்போன் கடைகளில், மெமரி கார்டு போட்டால் பாடும் சில நூறு ரூபாய்ப் பிளேயர்களும் ஸ்பீக்கர்களும் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. இவ்விரு சந்தைகளுக்கும் ஒன்றையொன்று தெரியாது என்றாலும், இரண்டிலும் வாங்குவோர் ஏமாறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கருவியால் தர முடியாததை எதிர்பார்த்து வாங்குகிறார்கள், அது உண்மையிலேயே தரக்கூடியதைக் கவனிப்பதில்லை.

ஒலித்தரம் கூடும் என்று நம்பி வாங்குவதே இவற்றில் மிகவும் செலவு வைக்கும் தவறு. மனிதக் காது கேட்கக்கூடிய உச்ச அதிர்வெண் ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ், ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து பதியும் சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் பதிவு அதை முழுவதுமாக அடக்கிவிடும். அந்த அளவு ஒலியைச் சுத்தமாக வெளியிட இன்றைய நடுத்தர விலை செல்போனே போதுமானது. பெட்டியின் மேல் 192 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்று அச்சிட்டிருப்பதால் பழைய பாடலில் புதிதாக ஒரு வயலின் கேட்டுவிடப்போவதில்லை. கேட்பில் பெரிய மாற்றத்தைத் தருவது இயர்போனும், அது காதில் சரியாகப் பொருந்துவதும், பாடல் கோப்பின் தரமும்தான். ஆகவே கையில் பத்தாயிரம் ரூபாய் இருந்தால், அதில் பெரும்பகுதியை நல்ல இயர்போனுக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம். செல்போனில் இயர்போன் துளை இல்லையென்றால், எண்வடிவில் இருக்கும் பாடலை ஒலியாக மாற்றும் ஒலிமாற்றிச் சில்லு உள்ளடங்கிய டைப்-சி இணைப்பான் ஒன்றை அதிகச் செலவில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். 300 ஓம் மின்தடையுள்ள பெரிய ஹெட்போன்களை வைத்திருப்பவர்களுக்கு மட்டும், கூடுதல் மின்னழுத்தம் தரும் தனி பிளேயரோ ஆம்பிளிஃபையரோ உண்மையிலேயே தேவைப்படும்.

இதைவிட வியப்பளிப்பது, முப்பதாயிரம் ரூபாய்க்குப் பிளேயர் வாங்கிவிட்டு அதில் புளூடூத் இயர்போனில் பாட்டுக் கேட்பவர்களின் கணக்கு. புளூடூத்தில் பாடல் எண்வடிவிலேயே காற்றில் போய், இயர்போனுக்குள் இருக்கும் சில்லில்தான் ஒலியாக மாறுகிறது. பிளேயரின் விலையை ஏற்றிய அந்த உயர்தர ஒலிமாற்றி அந்த நேரம் முழுவதும் சும்மா கிடக்கிறது. புளூடூத்தில் பாடலைச் சுருக்கி அனுப்பும் எல்டிஏசி போன்ற முறைகள் வினாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பவல்லவை என்பது உண்மைதான். ஆனால் அந்த வசதி பெரும்பாலான ஆண்ட்ராய்டு செல்போன்களிலேயே இருக்கிறது.

அப்படியானால் தனி பிளேயரால் என்ன பயன் என்ற கேள்வி எழும். அதன் பயன் அது தனியாக இருப்பதில்தான். திருவண்ணாமலையில் பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கும்போதும், சவ்வாது மலையின் உட்கிராமங்களில் சிக்னல் வந்து வந்து போகும்போதும், இணையத்தை நம்பிய பாட்டு நின்றுவிடும். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை போய்த் திரும்புபவருக்கு டிக்கெட், பணம் செலுத்துதல், வீட்டுக்குப் பேசுதல் எல்லாமே செல்போனில் அடங்கியிருப்பதால், இரவுவரை அதன் சார்ஜ் தாங்கியாக வேண்டும். குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றுபவர்களுக்கும் தறியில் உட்காருபவர்களுக்கும் இரு கைகளும் வேலையில் இருக்கும். அழைப்பு குறுக்கிடாமல், திரையைத் தொடாமல், பொத்தானைத் தடவியே பாட்டை மாற்றும் வசதி அவர்களுக்குப் பெரிது. பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுக்க மனமில்லாத பெற்றோரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

இந்தத் தனிமையை விரும்பி வாங்குபவர்களே, ஆண்ட்ராய்டில் இயங்கும் பிளேயரைத் தேர்ந்தெடுத்து, வைஃபையை இணைத்து, செல்போனில் உள்ள செயலிகளையெல்லாம் அதிலும் ஏற்றிக்கொண்டால், மிஞ்சுவது சிம் இல்லாத இரண்டாவது செல்போன்தான். அத்தகைய பிளேயர்களின் மென்பொருளும் செல்போனைப் போலவே பழையதாகும். 2023இல் வந்த சோனி ஏ306 ஆண்ட்ராய்டு 12உடன் வந்தது. சில ஆண்டுகளில் செயலிகள் ஒவ்வொன்றாக ஒத்துழைக்க மறுக்கும். மெமரி கார்டை மட்டும் நம்பும் எளிய பிளேயருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சந்தா செலுத்தும் செயலியில் டவுன்லோடு செய்த பாடல்களைப் பிளேயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் தவறானது. அவை பூட்டிடப்பட்ட கோப்புகள். அந்தச் செயலிக்குள் மட்டுமே பாடும், சந்தா முடிந்தால் அதுவும் இல்லை. எனவே பிளேயர் வாங்குவதற்கு முன், நமக்கே சொந்தமான கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வீட்டில் பழைய ஆடியோ சிடிகள் கிடந்தால் அவையே நல்ல ஊற்று. ஒரு சிடியைத் தரம் குறையாத ஃபிளாக் வடிவில் மாற்றினால் ஏறக்குறைய பாதி இடமே பிடிக்கும். கடையில் கார்டைக் கொடுத்து “பாட்டு ஏற்றி” வாங்குவது காப்புரிமைப்படி சரியல்ல என்பது ஒருபுறமிருக்க, அப்படி வரும் பாடல்கள் பல முறை சுருக்கப்பட்டு, ஒரே பாடல் மூன்று பெயர்களில் இருந்து, பெயருக்குப் பதில் ஏதோ இணையதளத்தின் முகவரியைக் காட்டும். வினாடிக்கு 128 கிலோபிட் அளவுக்குச் சுருக்கிய எம்பி3யை 320 ஆக்கினாலும் ஃபிளாக் ஆக்கினாலும் கோப்புதான் பெரிதாகுமே தவிர, போன ஒலி திரும்பாது.

மெமரி கார்டில் ஏமாறுவது இன்னும் எளிது. 512 ஜிபி என்று அச்சிட்டுச் சொற்ப விலைக்கு விற்கும் கார்டுக்குள் உண்மையில் 16 அல்லது 32 ஜிபி மட்டுமே இருக்கக்கூடும். கணினியில் போட்டாலும் 512 என்றே காட்டும்படி அதைத் திருத்தியிருப்பார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்குமேல் ஏற்றிய பாடல்கள் பெயரளவில் பட்டியலில் தெரியும், தொட்டால் பாடாது, அல்லது பாதியில் வேறு பாடலுக்குத் தாவும். கார்டை வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), எஃப்3 (F3) போன்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிட வேண்டும். 64 ஜிபியும் அதற்கு மேற்பட்டதுமான கார்டுகள் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற கோப்பு அடுக்கும் முறையில் வருவதால், மலிவான பிளேயர்கள் பல அவற்றைப் படிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்தை யாரும் கடையில் சோதிப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே தெரிகிறது. தமிழ் எழுத்துகளை அடுக்கிக் காட்டத் தெரியாத பிளேயரில் ‘கொடி’ என்ற பெயரின் ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது பெயர் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும். பெரியவர்களுக்காக வாங்கும்போது, கொம்பும் காலும் வரும் தமிழ்ப் பெயர்கள் கொண்ட நான்கைந்து பாடல்களை ஒரு கார்டில் போட்டுக்கொண்டு போய், வாங்குவதற்கு முன்பே திரையில் பார்த்துவிடுவது நல்லது. மேலும், மலிவான பிளேயர்கள் பல, பாடல்களைப் பெயர் வரிசையில் அல்லாமல் கார்டில் ஏற்றிய வரிசையிலேயே பாடும். கச்சேரியின் ஆலாபனை கிருதிக்குப் பின்னால் வந்துவிடாமல் இருக்க, கோப்புப் பெயரின் தொடக்கத்தில் 01, 02 என்று எண்ணிட்டு அதே வரிசையில் ஏற்ற வேண்டும்.

பெரியவர்களுக்குப் பலரும் வாங்கித் தருவது, 2017இல் சரிகம நிறுவனம் கொண்டுவந்த கார்வான். பழைய வானொலிப் பெட்டியின் தோற்றமும் திருகும் குமிழும் அவர்களுக்குப் பழக்கமானவை. ஆனால் இந்திப் பதிப்பும் தமிழ்ப் பதிப்பும் வேறு வேறு என்பதையும், உள்ளே இருப்பவை அந்நிறுவனத்திடம் உரிமை உள்ள பாடல்கள் என்பதையும் பார்க்காமல் வாங்கினால், வேண்டிய பாடல் இல்லாமல் போகலாம்.

ஒலியளவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும், அதாவது 89 டெசிபலில் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான். தறிச் சத்தத்தையும் பேருந்து இரைச்சலையும் மீறிக் கேட்க ஒலியைக் கூட்டுபவர்கள் இந்த வரம்பை எளிதில் தாண்டுகிறார்கள், ஆற்றல் மிக்க பிளேயர் அதற்குத் துணைபோகிறது. காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை கொண்ட இயர்போன் இருந்தால் குறைந்த ஒலியிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும்.

கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் பிளேயரை விட்டுச் செல்வதும், மாதக்கணக்கில் சார்ஜ் தீர்ந்த நிலையில் பீரோவில் போட்டு வைப்பதும் லித்தியம் பேட்டரியைக் கெடுக்கும்; நீண்ட நாள் வைப்பதானால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். பெரும்பாலான பிளேயர்களில் பேட்டரியைக் கழற்ற முடியாது. ஆகவே பழைய ஐபாடை ஆசைப்பட்டு வாங்குவோர், 2014இல் நிறுத்தப்பட்ட கிளாசிக் மாடலுக்குள் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்பதை மறக்காமல், பின்புறம் உப்பியிருக்கிறதா, காதருகே வைத்தால் டிக் டிக் என்று சத்தம் வருகிறதா, அரைமணி நேரம் தொடர்ந்து பாடுகிறதா என்று விற்பவர் முன்னிலையிலேயே பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.