உருகுநிலை, கொதிநிலை, உறைநிலை: வெப்பமானியின் துணையோடு கற்பிக்கும் முறை

ஆரம்பப் பிரிவு மாணவர்க்கு இம்மூன்றையும் வரைவிலக்கணங்களாக மனனம் செய்விப்பதைவிட, ஒரு பொருள் நிலைமாறும் வேளையில் வெப்பமானியின் அளவு அசையாமல் நிற்பதை அவர்களே காணச் செய்வது மேலானது. இதற்கு 110 பாகை செல்சியஸ் வரை காட்டும் ஆய்வுகூட வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 பாகையளவில் முடிந்துவிடுவதால் அதனைச் சுடுநீரில் இடலாகாது.

நொறுக்கிய பனிக்கட்டியில் சிறிது நீர் விட்டுக் கலக்கியபடியே, நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறிக்கச் செய்யுங்கள். திருகோணமலை வெயிலில் வகுப்பறை 30 பாகையைத் தாண்டியிருந்தாலும், கட்டிகள் எஞ்சியிருக்கும்வரை வெப்பமானி 0 பாகையை ஒட்டியே நிற்கும். அவை முற்றாக உருகிய பின்னரே ஏறத் தொடங்கும். உள்ளே வரும் வெப்பம் கட்டியை நீராக்குவதிலேயே செலவாகிறது என்னும் விளக்கத்தை, "ஏன் ஏறவில்லை?" என்று பிள்ளைகள் கேட்கும்வரை சொல்லாதிருப்பது நல்லது.

கொதிநிலையை ஆசிரியரே செய்து காட்ட வேண்டும். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடாதவாறு நீரில் தொங்கவிடுங்கள். முதலில் தோன்றும் சிறு குமிழிகள் நீரில் கரைந்திருந்த வளியே. அவற்றைக் கொதிப்பு என்று எண்ணி அளவைக் குறித்துவிடுவது பிள்ளைகளிடம் பெரிதும் காணப்படும் தவறு. நீர் முழுவதும் பொங்கும்போது அளவு 100 பாகையில் நிலைக்கும். அதன்பின் தீயைக் கூட்டினால் நீர் விரைந்து ஆவியாகுமேயன்றி மேலும் சூடாகாது. இது கடல்மட்டத்தை ஒட்டிய நமது நகருக்கு உரிய அளவு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் குறைவாதலால் நீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும். கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி யாரேனும் கேட்பர்; அந்நீர் குளிக்கத்தக்க சூடுடையதே தவிர, கொதிநிலையின் பாதியைக்கூட எட்டுவதில்லை.

நீர் உருகும் அளவும் உறையும் அளவும் ஒன்றே. வெப்பத்தைப் பெற்றால் 0 பாகையில் பனிக்கட்டி உருகும், இழந்தால் அதே அளவில் நீர் உறையும். உறைதலைக் காட்ட, ஒரே அளவான இரு கிண்ணங்களில் குழாய்நீரையும் கடல்நீரையும் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து இடையிடையே திறந்து பாருங்கள். குழாய்நீர் முந்திக்கொள்ளும், கரைந்துள்ள உப்பின் காரணமாகக் கடல்நீர் மைனஸ் 2 பாகையளவிற்குக் குளிர்ந்த பின்னரே உறையத் தொடங்கும்.

இறுதியாகத் தேங்காயெண்ணெய். நம் வீடுகளில் பெரும்பாலும் திரவமாகவே இருக்கும் அவ்வெண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குளிரூட்டினால் வெண்கட்டியாகும். வெளியே எடுத்து வைத்தால் 24, 25 பாகையளவில் மீண்டும் இளகும். அது பல கொழுப்புகளின் கலவை என்பதால், பனிக்கட்டியில் கண்டதுபோல் வெப்பமானி ஓர் எண்ணில் உறுதியாக நில்லாது. ஆகவே அட்டவணையில் ஒரே எண்ணை எழுதுவிக்காமல், இளகத் தொடங்கிய அளவு, முற்றாக இளகிய அளவு என இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள்.