அறிபுனைப் படங்களையும் சீரிஸ்களையும் வகை பிரிப்பது எப்படி?

பார்த்த சயின்ஸ் ஃபிக்ஷன் படங்களையெல்லாம் ஒரு நாள் வகை பிரிக்க உட்கார்ந்தேன். விண்கலம் வந்தால் ஒரு கூடை, ரோபோ வந்தால் இன்னொரு கூடை. அரை மணி நேரத்தில் ஸ்டார் வார்ஸ், ஏலியன், இன்டர்ஸ்டெல்லார் மூன்றும் ஒரே கூடையில் கிடந்தன. ஒன்று விண்வெளியில் நடக்கும் ராஜா ராணிக் கதை, ஒன்று பேய்ப்படம் மாதிரி அலறவைப்பது, மற்றது இயற்பியல். கண்ணுக்குத் தெரியும் பொருளை வைத்துப் பிரித்தால் இப்படித்தான் ஆகும். அதன்பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி இது.

படி 1: பட்டியல்

கூகுள் ஷீட்டோ நோட்டுப் புத்தகமோ, எதுவும் சரி. இருபது பெயர் போதும். நான்கு பத்தி: பெயர், ஆண்டு, 'ஒருவேளை', வகை. இரண்டாம் பாகங்களுக்குத் தனி வரிசை கொடுங்கள். 1979இல் வந்த ஏலியன் திகில் படம். 1986இல் வந்த ஏலியன்ஸ் கிட்டத்தட்ட போர்ப் படம்.

படி 2: 'ஒருவேளை' வாக்கியம்

முக்கியமான வேலை இதுதான். கதை எந்தக் கற்பனைக் கேள்வியிலிருந்து கிளம்புகிறதோ, அதை ஒரே வரியில் எழுதுங்கள்.

எந்திரன் (2010): ஒருவேளை ரோபோவுக்கு மனித உணர்ச்சி வந்துவிட்டால்?
இன்று நேற்று நாளை (2015): ஒருவேளை நம்மைப் போன்ற சாதாரண ஆட்களிடம் கால இயந்திரம் சிக்கினால்?
தி மேட்ரிக்ஸ் (1999): ஒருவேளை நாம் வாழும் உலகமே கணினி காட்டும் மாயை என்றால்?
கலை அரசி (1963): ஒருவேளை இசை கற்றுத்தர பூமியிலிருந்து ஒரு பெண்ணை வேற்றுக் கிரகத்துக்குத் தூக்கிப்போனால்?

இந்த வரியை எழுதவே முடியவில்லை என்றால் அந்தப் படம் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை. அப்போலோ 13 படம் முழுக்க விண்கலம்தான். ஆனால் அது 1970இல் நிஜமாகவே நடந்தது. அங்கே கற்பனைக் கேள்விக்கு இடம் ஏது? கிராவிட்டியையும் நான் வெளியேதான் வைப்பேன். அதில் வரும் ஷட்டில் விண்கலம், ஹபிள் தொலைநோக்கி எல்லாம் நிஜத்தில் இருந்தவை. இதற்குச் சண்டைக்கு வரும் நண்பர்கள் எனக்கு உண்டு.

படி 3: உருவிப் பார்ப்பது

ஒரே படத்தில் இரண்டு 'ஒருவேளை' இருந்தால்? ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை உருவினால் கதை சரிகிறதோ, அதுதான் வகை.

தி டெர்மினேட்டர் (1984) இதற்கு நல்ல பயிற்சி. எதிர்காலத்திலிருந்து ஒரு கொலைகார இயந்திரம் வருகிறது. காலப் பயணத்தை உருவினால் கதை தொடங்கவே தொடங்காது. அதனால் அது காலப் பயணப் படம் என்று எழுதிவைத்திருந்தேன். அப்புறம் இயந்திரத்தை உருவி, அந்த இடத்தில் ஒரு மனிதக் கொலையாளியை வைத்துப் பார்த்தேன். துரத்தல் மிஞ்சுகிறது. ஆனால் எதற்காகத் துரத்துகிறான்? இயந்திரங்களுக்கும் மனிதர்களுக்கும் நடக்கப்போகும் போர்தானே எல்லாவற்றுக்கும் காரணம்? காலப் பயணம் ஆளை இங்கே கொண்டுவந்து இறக்கும் வண்டி, அவ்வளவுதான். ஆக, முதல் வகை இயந்திரம். பக்கத்தில் சின்னதாகக் 'காலம்'. இரண்டு வகை எழுதுவதில் தப்பில்லை, எது முதல் என்று தெரிந்தால் சரி.

படி 4: கூடைகள்

எனக்கு ஐந்து போதுமாக இருக்கிறது: காலம், இயந்திரம், வேற்றுலக உயிர், விண்பயணம், மாறிப்போன சமூகம். ஸோம்பி வரும் மிருதன் கடைசிக் கூடைக்குப் போகும். ஒரு கூடையில் ஒரே ஒரு படம் இருந்தால் அந்தக் கூடையையே எடுத்துவிடலாம். பிரித்த பிறகு ஆண்டு வாரியாக அடுக்கிப் பாருங்கள். வேற்றுலகக் கூடையில் எம்.ஜி.ஆரின் கலை அரசியும் 2024இல் வந்த அயலானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே தனி அழகு.

படி 5: அறிவியல் எவ்வளவு?

இதற்கு மட்டும் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். கனம், நடுத்தரம், லேசு என்று மூன்றே சொல். இன்டர்ஸ்டெல்லாருக்கு (2014) இயற்பியலாளர் கிப் தோர்ன் ஆலோசகர். கருந்துளைக்குப் பக்கத்துக் கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு ஆண்டு என்பதற்கு ஈர்ப்புவிசையில் காரணம் இருக்கிறது. எனவே கனம். வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்கும் ஸ்டார் வார்ஸ் லேசு. லேசு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை.

சிக்கல் டைம் லூப் படங்களில்தான். கிரவுண்ட்ஹாக் டே (1993) ஒரே நாள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்லவே சொல்லாது. மாநாடு (2021) அதை உஜ்ஜயினி கால பைரவரோடு முடிச்சுப்போடும். காரணம் அறிவியலாக இல்லாவிட்டால் நான் 'மிகுபுனைவு' (ஃபேன்டசி) என்று குறித்துவிட்டு, காலக் கூடையிலேயே விட்டுவிடுகிறேன். பார்ப்பவருக்குத் தேடக் கிடைக்க வேண்டுமே.

படி 6: சீரிஸ்

டார்க் (2017–2020) மாதிரி மூன்று சீசனும் ஒரே கதை என்றால் ஒரே வரிசை போதும். பிளாக் மிரரில் எபிசோடுக்கு ஒரு கதை. எபிசோடு எபிசோடாகத்தான் எழுத வேண்டும், வேறு வழியில்லை. 1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் இரண்டுக்கும் நடுவில்: ஒரே கப்பல், ஒரே ஆட்கள், வாரம் ஒரு 'ஒருவேளை'. அதை மொத்தமாக விண்பயணத்தில் போட்டுவிட்டு, ரொம்பப் பிடித்த எபிசோடுகளுக்கு மட்டும் தனி வரிசை கொடுத்திருக்கிறேன்.

டாக்டர் ஹூ? 1963இலிருந்து வருகிறது, இடையில் நீண்ட இடைவெளி வேறு. அந்த வரிசையில் வகைப் பத்தி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.