ஒரே 5.2 லிட்டர், ஒன்றில் 526, இன்னொன்றில் 760: சூப்பர்சார்ஜர் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள இன்ஜினையும் இல்லாததையும் (என்ஏ, அதாவது நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் இன்ஜின் என்பார்கள்) ஒப்பிட, அளவு ஒத்துப்போகும் ஜோடி வேண்டும். ஃபோர்டு மஸ்டாங் காரில் அப்படி ஒன்று இருந்தது: ஷெல்பி ஜிடி350, ஷெல்பி ஜிடி500. இரண்டிலும் 5.2 லிட்டர் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்கள்). முன்னது என்ஏ, பின்னதில் சூப்பர்சார்ஜர். தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆர்பிஎம்மோடு எழுதுங்கள்

ஜிடி350: 7,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 526 குதிரைத்திறன், 4,750-ல் 582 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க், அதாவது திருப்பு விசை.
ஜிடி500 (2020 மாடல்): 7,300-ல் 760 குதிரைத்திறன், 5,000-ல் 847 என்எம்.

விளம்பரத்தில் ஆர்பிஎம்மை விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள்.

படி 2: நடுவில் என்ன நடக்கிறது?

என்எம்மை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். ஜிடி500-க்கு: 847 × 5,000 ÷ 7,121 = 595. ஜிடி350 7,500 வரை ஏறிப்போய்த் தருவதைவிட அதிகம், 5,000-லேயே கிடைத்துவிடுகிறது!

இப்போது திருப்பிப் போடுங்கள். 526 × 7,121 ÷ 7,500 = 499. அதாவது உச்ச சக்தியின்போது ஜிடி350-இன் டார்க் 582-லிருந்து 499-க்கு இறங்கிவிட்டது. ஆனாலும் சுழற்சி ஏறுவதால் சக்தியும் ஏறுகிறது. இதன் ரெட்லைன் (இன்ஜின் சுழலலாம் என்ற உச்ச வரம்பு) 8,250. மிதித்துச் சுழற்றினால்தான் என்ஏ இன்ஜின் தன் சரக்கைக் காட்டும்.

படி 3: பூஸ்ட் கணக்கு

இந்த இடத்தில்தான் நானும் முதலில் தடுமாறினேன். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ஜிடி500-இன் சூப்பர்சார்ஜர் அதற்கு மேல் 12 பிஎஸ்ஐ சேர்க்கிறது, இந்தக் கூடுதல்தான் பூஸ்ட். 26.7 ÷ 14.7, சுமார் 1.8 மடங்கு. காற்று அத்தனை மடங்கு போனால் சக்தியும் அத்தனை மடங்கு என்றால், 526 × 1.8 = 947 வர வேண்டும். வருவதோ 760. மீதி எங்கே?

ஒன்று, சூப்பர்சார்ஜரைச் சுற்றுவது கிராங்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மாட்டிய பெல்ட். அதற்கான கூலியை இன்ஜினே கொடுக்கிறது. அடுத்தது சூடு. சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். இங்கேயும் அதே கதைதான். இன்டர்கூலர் (அழுத்திய காற்றை ஆற்றும் கருவி) வைத்தாலும் முழுக்க ஆறாது. சூடான காற்று விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்தச் சூட்டில் காற்று-பெட்ரோல் கலவை முறைதவறி வெடிக்காமல் இருக்க (நாக்கிங் என்பது இதைத்தான்) கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற விகிதம்) 12-க்கு 1 என்பதிலிருந்து 9.5-க்கு 1 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அப்புறம், இரண்டின் கிராங்க் வடிவமும் வேறு. ஆகவே இது முழுக்கச் சுத்தமான ஒப்பீடு இல்லை.

படி 4: எடை

ஜிடி350 ஏறக்குறைய 1,700 கிலோ, ஜிடி500 1,900. ஒரு குதிரைத்திறனுக்கு 3.2 கிலோ, 2.5 கிலோ. கூடுதல் 200 கிலோவில் சூப்பர்சார்ஜரின் பங்கும் உண்டு.

படி 5: கியர்பாக்ஸைப் பாருங்கள்

0-100 நேரத்தை வைத்து மட்டும் இன்ஜினுக்கு மார்க் போடாதீர்கள். ஜிடி350-ல் 6 கியர் மேனுவல் மட்டும்தான். ஜிடி500-ல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் 7 கியர் டூயல் கிளட்ச் மட்டும்தான். அந்த வித்தியாசத்தில் எவ்வளவு சூப்பர்சார்ஜருடையது, எவ்வளவு கியர் மாற்றும் கையுடையது என்று அந்த ஒரு எண்ணை வைத்துப் பிரிக்கவே முடியாது.