முழு நீளக் கத்திக்குப் பிடியும் உறையும்

வாழைத் தோட்டத்துக்கு இவ்வளவு பெரிய கத்தி எதற்கு, சின்னதாக ஒன்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போகலாமே என்று யாழ்ப்பாணத்து நீர்வேலியில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. கேட்பவர்கள் குலை வெட்டிப் பழகாதவர்கள். சின்னக் கத்தியால் மொந்தன் குலையை ஒரே வெட்டில் இறக்க முடியாது. இரண்டாம் வெட்டு, மூன்றாம் வெட்டு என்று போகும்போது தண்டு பிய்யும், வாழைப்பாலான கயர் காயின்மேல் வடியும், கறுப்புக் கோடு விழுந்த சீப்புக்குச் சந்தையில் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். அதனால் 12 அங்குல அலகு அப்படியே இருக்கட்டும். மாற்ற வேண்டியவை பிடியும் உறையும்தான்.

தோட்டம் செய்கிற பெண்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆண்களுக்கும் பயன்படும். ஆனால் கடையில் தொங்குகிற பிடியும் உறையும் அவர்களுடைய கையையும் இடுப்புப் பட்டியையும் பார்த்துத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. சட்டையோ பாவாடையோ உடுத்துக்கொண்டு, பார் இல்லாத லேடீஸ் சைக்கிளில் தோட்டத்துக்குப் போகிறவளை யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

முதலில் பிடி. கத்தி வாங்கப் போனால் எல்லாரும் அலகைத்தான் பார்க்கிறார்கள். விரலால் சுண்டி ஓசை கேட்பார்கள், லொறி ஸ்பிரிங் தகட்டில் அடித்ததா என்று விசாரிப்பார்கள். அதெல்லாம் தேவைதான். ஆனால் நாள் முழுக்க உங்கள் கை தொடுவது மரத்தை. பிடி தடித்திருந்தால் விரல்கள் சுற்றி வராது, கத்தி நழுவாமலிருக்கக் கை தன்பாட்டில் இறுகும், மத்தியானத்துக்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை உளையத் தொடங்கிவிடும். மெலிந்த பிடி இன்னும் மோசம். வெட்டு விழுகிற நேரத்தில் அது கைக்குள் திரும்பும். திரும்பிய கத்தி காலில்தான் போய் நிற்கும்.

அளவு பார்க்க இப்படிச் செய்யுங்கள். வெட்டப் போவது போலவே பிடியைப் பிடியுங்கள். நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் பெருவிரலின் அடிச்சதையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். நுனிகள் உள்ளங்கைக்குள் குத்தினால் பிடி மெல்லியது. இடையில் ஒரு விரல் அகலம் வெளித்தால் தடித்தது. நூல் சுற்றி அளந்தால் என் கைக்கு 4 அங்குலச் சுற்றளவு பொருந்துகிறது. நீளத்தில் நான்கு விரல்களும் அமர்ந்து, மேலே ஒரு விரல் அகலம் மிஞ்சினால் போதும். அதைவிட நீண்ட பிடி வெட்டும்போது தொந்தரவு தராது, இடுப்பில் தொங்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும்.

உருண்டைப் பிடியை வாங்கவே வாங்காதீர்கள். கோழி முட்டை மாதிரி ஒரு பக்கம் ஒடுங்கி, மறு பக்கம் அகன்று இருக்க வேண்டும். ஒடுங்கிய பக்கம் கத்தியின் வாய் இருக்கும் பக்கம். விடியற்காலை இருட்டில் பிடித்தாலும் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

என் பிடியை மாற்றித் தந்தவர் புத்தூர்ப் பக்கம் இரும்பு வேலைக்குக் கம்மாலை வைத்திருக்கிற ஓர் ஆசாரியார். அளவுகோலை அவர் தொடவே இல்லை. “பிள்ளை, கையைத் தா பாப்பம்” என்று என் உள்ளங்கையை விரித்து, காய்ப்பு எங்கெங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தார். சுட்டுவிரலின் அடியில்தான் தடித்திருந்தது. “பிடி கழுத்திலை தடிப்பு. அதாலை நீ ஒரு விரலாலை கத்தியைத் தூக்கிக்கொண்டு திரியிறாய்” என்றார். கழுத்தைச் சீவி மெலிதாக்கி, நடுவைக் கொஞ்சம் வயிறு வைக்க விட்டு, அடியில் வளைந்து நின்ற மூக்கின் முனையை உளியால் தட்டி எடுத்து அரத்தால் உருட்டித் தந்தார். அடுத்த மாரிக்குள் அந்தக் காய்ப்பு மெலிந்துவிட்டது. நீங்களும் கத்தியோடு கையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழைய பிடி எந்த இடத்தில் பிழை என்று காய்ப்பே சொல்லும்.

அந்த அடி மூக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கை வழுக்கிக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அதை வைக்கிறார்கள், முழுக்க எடுத்துவிடக் கூடாது. ஆனால் கூர்மையான மூக்கு சட்டையைத் தூக்கும், குனிந்தால் விலாவில் குத்தும், சேலைத் தலைப்பைக் கொளுவி இழுக்கும். கத்தியை உடம்போடு கொண்டு திரிவதில் வருகிற வில்லங்கத்தில் பெரும் பங்கு இந்த ஓர் அங்குலத்தில் இருந்துதான் வருகிறது. அலகு எவ்வளவு நீளமாக இருந்தாலும் உறைக்குள் தொடையோடு படிந்து கிடக்கும். வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது பிடியின் அடிதான். சுண்டுவிரலைத் தடுத்து நிறுத்துமளவுக்கு ஒரு புடைப்பு இருந்தால் போதும். மற்ற எல்லா மூலையும் உருளட்டும்.

மரத்தில் நான் கொய்யாவின் பக்கம். பாரமில்லை, அதிர்வைத் தாங்கும், வளவிலேயே கிடைக்கும். புளியின் வைரமும் நல்லது. பாலை மரம் இரும்பு மாதிரி உழைக்கும், ஆனால் பாரம். முன்பாரம் கூடிய கத்தியாக இருந்தால் அந்தப் பாரமே உதவி, கத்தியைக் கைப்பக்கம் இழுத்துச் சமன்செய்யும். பனை பார்வைக்கு அழகு. கொஞ்ச நாள் போனதும் கறுப்பு நார் கிளம்பிச் சிலாம்பு ஏறும். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் போட்ட பிடி காய்ந்து சுருங்கி, பூண் கழன்று, அலகு ஆடும். ஆடுகிற கத்தியை இரவில் தண்ணீருக்குள் ஊறப் போட்டு இறுக்குகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. மரம் பருத்து அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முந்தியதைவிட மோசமாகத் தளரும். கம்மாலைக்குக் கொண்டுபோய் அரக்கு வைத்து, அலகின் காம்பைச் சுட வைத்துத் திரும்ப இறக்குவதுதான் சரியான வேலை.

வார்னிஷ் பூசிய பிடி கையைக் கொப்புளிக்க வைக்கும். சிரட்டைத் துண்டால் சுரண்டி எடுத்துவிட்டு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தேயுங்கள். அது மரத்துக்குள் போய் இறுகிவிடும், தேங்காயெண்ணெய் இறுகாது, பிசுக்காகவே நிற்கும். ஒரு எச்சரிக்கை: லின்சீட் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. கொடியில் விரித்துக் காய விட்டு அதற்குப் பிறகு எறியுங்கள்.

பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பிடிக்குச் சுற்றுகிறவர்கள் உண்டு. வாழைக் கயரிலும் மழையிலும் வழுக்காது என்பது உண்மை. ஆனால் ரப்பர் துணியில் ஒட்டும். சட்டை பிடியில் ஏறி நிற்கும், கத்தியை உருவும்போது துணியும் சேர்ந்து வரும். ரப்பருக்குக் கீழே தண்ணீர் தேங்கி மரமும் உக்கிப் போகும். கையில் வைத்தே வேலை செய்து முடிப்பவர் சுற்றட்டும். இடுப்பில் கொண்டு திரிகிறவருக்கு மரம்தான் சரி.

இனி உறை. தோல் அல்லது பிவிசி குழாய், இரண்டில் ஒன்று. கமுகம்பாளையை மடித்துக் கட்டுவது ஒரு நாள் அவசரத்துக்குச் சரி.

தோலில் எல்லாத் தோலும் ஒன்றல்ல. செருப்பின் மேற்பகுதிக்குப் போடுகிற மெத்தென்ற தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. வெட்டிய ஓரம் நீலம் பாய்ந்தோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். அதற்குள் இரும்பை வைத்தால் துரு சீக்கிரம் பிடிக்கும், உறையும் வளைந்து கொடுத்து வாய்ப் பக்கம் அலகை வெளியே விடும். மரப்பட்டையில் பதனிட்ட, ஓரம் முழுக்க மண்ணிறமான, விறைத்த தோலைக் கேளுங்கள். 3 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். ரவுனில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் தைத்துத் தருவார். ஆனால் ஒன்றை நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: கத்தியின் வாய் வருகிற பக்கத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே இன்னொரு தோல் வார் வைத்துத் தைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை உருவும்போதும் வாய் நூலை அறுக்கும். ஒரு நாள் தையல் விட்டு, உறையைப் பிடித்திருந்த விரல் வெட்டுப்படும்.

குழாய் உறையை வீட்டிலேயே செய்யலாம். குழாயைத் தட்டையாக்கினால் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம் வரும், 2 அங்குலக் குழாய் இரண்டரை அங்குல அலகைத் தாராளமாகக் கொள்ளும். கொதிக்கும் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் குழாய் இளகும். கையுறை போட்டு எடுத்து, கடதாசி மட்டை சுற்றிய அலகை உள்ளே விட்டு, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து ஆறும்வரை அழுத்துங்கள். நுனிப்பக்கத்தை நெருக்கி மூடும்போது தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை விடுங்கள். நெருப்பில் வாட்ட வேண்டாம். கருகினால் வருகிற புகை நெஞ்சை எரிக்கும் நஞ்சு. வாழை வெட்டுகிறவர்களுக்கு இந்த உறையில் ஒரு பெரிய நன்மை, கயர் படிந்தால் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். தோலை அப்படிக் கழுவ முடியாது. நடக்கும்போது கடகடவென்று சத்தம் போடும் என்பது குறை. உள்ளே ஒரு துண்டுத் துணி ஒட்டினால் அடங்கும்.

எந்த உறையானாலும் பிடியின் கழுத்தைக் குறுக்கே பிடிக்கிற ஒரு வாரும் பட்டனும் வேண்டும். பட்டனைப் பூட்டி, மணல்மேல் தலைகீழாகப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். கத்தி விழுந்தால் அந்த உறை வேண்டாம்.

உடம்பில் எங்கே கட்டுவது? சாரம், பாவாடை எதுவும் இந்தப் பாரத்தைத் தாங்காது, இழுத்து இறக்கிவிடும். பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய சீட் பெல்ட் நாடா வாங்கி, ஒரு வளையம் போட்டு, சட்டைக்கு மேலால் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். அகலமான, மடங்காத நாடாவில் கத்தி ஆடாது. ஒல்லிக் கயிற்றில் எவ்வளவு நல்ல உறையும் ஊஞ்சலாடும். வலக்கைக்காரிக்கு இடம் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால். முன்னால் கட்டினால் குனியும்போது பிடி வயிற்றில் ஏறும். முதுகுக்கு நடுவே சொருகிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். வாய்க்கால் வரம்பில் வழுக்கி மல்லாக்க விழுந்தால் முள்ளந்தண்டு நேரே அந்தப் பிடியின்மேல் போய் இருக்கும். உறையை நாடாவிலிருந்து 2 அங்குலம் இறக்கித் தொங்க விட்டு, பிடியைக் கொஞ்சம் முன்னுக்குச் சரித்துக் கட்டினால் குனியலாம், நிமிரலாம், விலாவில் முட்டாது. வாய் பின்பக்கம் பார்க்கட்டும்.

இது தோட்டத்துக்குள் மட்டும். வீதியில் கத்தி உடம்பில் இருக்கக் கூடாது. வாள்வெட்டுச் செய்திகளைப் பேப்பரில் வாசித்து வாசித்து நம் சனம் வெருண்டுபோய் இருக்கிறது. பருத்தித்துறை வீதியில் இடுப்பில் நீளமாக ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு போனால், அது குலை வெட்டப் போகிற கத்தி என்று எதிரே வருகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? உறையில் பூட்டிய கத்தியை உரப்பையில் சுற்றி, கரியரில் நீளவாக்கில், நுனி பின்பக்கம் இருக்கும்படி வைத்து, ரியூப் நாடாவால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். குறுக்கே வைத்தால் பக்கத்தில் போகிறவரைத் தட்டும். முன் கூடைக்குள் நிறுத்தி வைத்தால் பிறேக் பிடிக்கும்போது பிடி உங்கள் முகத்துக்கு நேரே வரும். முடிச்சு அவிழ்க்காமல் யாரும் எடுக்க முடியாதபடி கட்டுவதுதான் வீதிக்கு உரிய கட்டு. பொலிஸ் மறித்தால் பொதியில் கை வைக்க வேண்டாம். உள்ளே தோட்டக் கத்தி இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லுங்கள், அவிழ்க்கச் சொன்னால் அவிழுங்கள். பஸ்ஸில் என்றால் மேல் தட்டில் வைக்காமல் காலடியில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தியை உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், ஒரு இரவுக்குள் அலகில் செம்புள்ளி விழும். கயரைக் கழுவித் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வாய் சுவரைப் பார்க்கும்படி கொளுவி வையுங்கள். உறை வேறு ஆணியில், வாயைக் கீழே பார்த்தபடி தொங்கட்டும். தோல் உறையை வெயிலில் போட்டால் வெடிக்கும், நிழல் காற்றில் காய்ந்தால் போதும்.