1890-களின் கல்லூரி ஃபுட்பால் சீசன் ஒன்றைப் பழைய செய்தித்தாள்களிலிருந்து தொகுப்பது எப்படி?

அமெரிக்க ஃபுட்பால் (கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஆடிய கல்லூரி அணி ஒன்றின் 1890-களின் சீசனைப் பழைய செய்தித்தாள்களை வைத்துத் தொகுக்கும்போது வரும் பிழைகளில் பெரும்பகுதிக்கு ஒரே காரணம்தான்: இன்றைய விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றைய செய்தியைப் படிப்பது. "55 கஜக் கோடு" என்று வந்தால் அச்சுப்பிழை என்று அடிக்காதீர்கள். அன்று மைதானத்தின் நீளம் 110 கஜம், 55 என்பது நடுக்கோடு. ஒருவர் 105 கஜம் ஓடி டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) எடுத்தார் என்றால் அதற்கும் இடம் இருந்தது. மூன்று டவுனில், அதாவது மூன்று முயற்சியில், ஐந்து கஜம் முன்னேறினால் பந்து கையில் தங்கும். முன்னோக்கி எறிவது 1906-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய செய்தியில் 'பாஸ்' என்று வந்தால் பின்னாலோ பக்கவாட்டிலோ கொடுத்தது என்றே கொள்ளுங்கள்.

முதல் வேலையாக, அந்த ஆண்டின் புள்ளிக் கணக்கை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். 1883-இல் புள்ளிமுறை வந்தபோது டச்டவுனுக்கு 2, அதன்பின் கம்பங்களுக்கு இடையே உதைக்கும் கோலுக்கு 4, ஃபீல்டு கோலுக்கு (ஆட்டத்தின் நடுவே நேரடியாக உதைக்கும் கோல்) 5, சேஃப்டிக்கு (ஓர் அணி பந்தோடு தன் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கப்படுவது, புள்ளி எதிரணிக்கு) 1. டச்டவுனைவிட உதைக்குத்தான் மதிப்பு அதிகம். 1884 முதல் 1897 வரை டச்டவுன் 4, கோல் 2, ஃபீல்டு கோல் 5, சேஃப்டி 2. 1898-இல் டச்டவுன் 5 ஆகி, கோல் 1 ஆகக் குறைந்தது. மற்ற இரண்டும் அப்படியே நின்றன. செய்தியில் வெறுமனே "கோல் உதைத்தார்" என்றிருந்தால் அது டச்டவுனுக்குப் பிந்தைய உதை. ஃபீல்டு கோலை "மைதானத்திலிருந்து கோல்" என்று பிரித்துத்தான் எழுதுவார்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். 4-உம் 2-உம் சேர்ந்தால் 6, 5-உம் 1-உம் சேர்ந்தாலும் 6. ஆகவே தவறான ஆண்டின் கணக்கைப் போட்டாலும் பல ஸ்கோர்கள் பொருந்துவதுபோலவே தோன்றும். கோல் தவறிய டச்டவுன்தான் உண்மையைக் காட்டும்: அப்படி மூன்று எடுத்தால் 1897-இல் 12, 1898-இல் 15.

கை பழக, டென்னசி மாநிலத்து செவானியில் உள்ள 'யூனிவர்சிட்டி ஆஃப் தி சவுத்' அணியின் 1899 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் பில்லி சூட்டர், மேலாளர் லூக் லீ. பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டு வெற்றி. அதில் டுலேனுக்கு எதிரான 23–0 ஸ்கோரைப் பிரித்துப் பாருங்கள். 1899 கணக்குப்படி நான்கு டச்டவுனும் மூன்று கோலும் என்றால் 23 வரும். மூன்று டச்டவுன், மூன்று கோல், ஒரு ஃபீல்டு கோல் என்றாலும் அதே 23. இதே 23 ஒரு 1895 ஆட்டத்தில் வந்திருந்தால், ஃபீல்டு கோல் இல்லாமல் வந்திருக்கவே முடியாது. மற்ற மூன்றும் இரட்டை எண்கள், 5 மட்டுமே ஒற்றை. ஆகவே 1884–97 காலத்து ஸ்கோர் ஒற்றை எண்ணாக இருந்து, செய்தியில் ஃபீல்டு கோல் பற்றிப் பேச்சே இல்லையென்றால், இரண்டில் ஒன்று தப்பு. இன்னொரு செய்தித்தாளைத் தேடுங்கள்.

1898-க்குப் பின் இந்தச் சோதனை செல்லாது. டச்டவுனும் ஃபீல்டு கோலும் அப்போது ஒரே மதிப்பு. வட கரோலினாவுக்கு எதிராகச் செவானி எடுத்த 5–0 எப்படி வந்தது என்று ஸ்கோரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது, ஆட்ட விவரத்தைப் படித்தே ஆக வேண்டும்.

கோல்கள் ஏன் இத்தனை தவறின என்பதும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் விவரத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வோம். டச்டவுன் எந்த இடத்தில் விழுந்ததோ, அதற்கு நேராகப் பந்தைப் பின்னால் கொண்டுவந்துதான் உதைக்க வேண்டும். ஓரத்தில் விழுந்தால் கோணம் மோசம். அதைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது: கோல் கோட்டுக்குப் பின்னாலிருந்து ஒருவர் பந்தைத் தன் அணிக்காரரிடமே உதைத்துவிடுவார், அவர் அதை ஏந்திப் பிடித்தால் பிடித்த இடத்திலிருந்து கோலுக்கு உதைக்கலாம். இதன் பெயர் பன்ட்-அவுட். பிடி நழுவினால் உதைக்கும் வாய்ப்பே போயிற்று. "பன்ட்-அவுட் தவறியது" என்று படித்தால் கோல் இல்லை என்று குறியுங்கள். அது சாதாரண பன்ட் (பந்தைக் கையிலிருந்து விட்டு உதைத்து எதிரணிப் பக்கம் அனுப்புவது) அல்ல.

அடுத்தது தேதி. காலைத் தாள் முந்தின நாள் ஆட்டத்தை எழுதும். தாளின் தேதியை ஆட்டத் தேதியாகப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. செய்தியின் தொடக்கத்தில் ஊர்ப் பெயரோடு இருக்கும் தேதியைப் பாருங்கள், பிறகு கிழமையோடு ஒத்துப் பாருங்கள். செவானியின் ரயில் பயணம் இதற்கு நல்ல பாடம். 1899 நவம்பர் 9, வியாழன்: ஆஸ்டினில் டெக்சாஸை 12–0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்-ஐ 10–0. 11-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் டுலேன். 13-ஆம் தேதி பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யு-வை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 34–0. 14-ஆம் தேதி மெம்பிஸில் மிசிசிப்பியை 12–0. ஆறு நாளில் ஐந்து ஆட்டம், ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்கவில்லை. மொத்தப் பயணம் ஏறத்தாழ 2,500 மைல். அந்த உடம்புகள் தாங்கியதை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. இந்த வரிசையை ஒரு நாள் தள்ளிப் போட்டுப் பாருங்கள்: டுலேன் ஆட்டம் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் போய் விழும். அன்று அவர்கள் ஆடவில்லை. அட்டவணையில் ஞாயிறு வந்தாலே நின்று சரிபாருங்கள். அந்தக் காலத்தில் நவம்பர் கடைசி வியாழன்தான் நன்றி நவிலும் நாள், பெரிய ஆட்டங்கள் அன்று நடந்தன. அதை நங்கூரமாக வைத்து மற்ற கிழமைகளை எண்ணலாம்.

எதிரணிப் பெயர்களை அச்சில் கண்டபடி ஒரு பத்தியிலும் இன்றைய பெயரை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். 'ஏ அண்ட் எம்' (வேளாண்மை, இயந்திரவியல் கல்லூரி) என்று மொட்டையாக வந்தால் எந்த மாநிலம் என்று உறுதி செய்யாமல் நகராதீர்கள். ஆபர்ன் என்பது ஊர்ப்பெயர். அந்தக் கல்லூரியின் பெயர் 1899-இல்தான் அலபாமா பாலிடெக்னிக் ஆனது, அலபாமா பல்கலைக்கழகம் வேறு. சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டீரியன்தான் இன்றைய ரோட்ஸ் கல்லூரி. ஒய்.எம்.சி.ஏ., உடற்பயிற்சிக் கழகங்கள், அதே கல்லூரியின் இரண்டாம் அணி ஆகியவற்றோடு ஆடியவற்றையும் குறித்து வையுங்கள், ஆனால் எந்த வகை என்று எதிரே எழுதுங்கள்.

வீரர் பட்டியல் பெரும்பாலும் மூன்று பத்தியாக இருக்கும்: ஓர் அணி, நடுவில் இடம், மற்ற அணி. எதிரெதிர் நிற்பவர்களை ஒரே வரியில் போடுவதால், நடுவில் ஒரே ஒரு இடப்பெயர் இருந்தால் அது முதல் அணிக்குரியது. அங்கே 'இடது எண்ட்' (வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவர்) என்றால் வலப்பக்கப் பெயர்க்காரர் வலது எண்ட். செய்தியின் கடைசி வரிகளையும் விடாதீர்கள், நடுவர் பெயரும் அரையின் நேரமும் அங்கேதான் இருக்கும். 1894 முதல் விதிப்படி அரைக்கு 35 நிமிடம் என்றாலும் இரு தரப்பும் பேசி 20, 25 நிமிடமாகக் குறைப்பது வழக்கம்.

கடைசியாகக் கூட்டிப் பாருங்கள். செவானிக்கு ஆட்ட வரிசையில்: ஜார்ஜியா 12, ஜார்ஜியா டெக் 32, டென்னசி 46, சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டீரியன் 54, பயணத்தில் 12, 10, 23, 34, 12, பிறகு கம்பர்லண்ட் 71, ஆபர்ன் 11, வட கரோலினா 5. மொத்தம் 322. எதிரணிகள் எடுத்தது 10, அத்தனையும் ஆபர்ன் எடுத்தது. கூட்டல் இடித்தால் மொத்தத்தைத் திருத்தாதீர்கள். ஸ்கோரை ஒவ்வொன்றாக மறுபடி பிரித்துப் பாருங்கள், இரண்டு தாள்கள் வேறு வேறு எண் சொன்னால் இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள்.